ஐஎல்ட்ஸ் எழுதப் போகிறீர்களா? முதலில் உங்கள் தப்புகளை எண்ணுங்கள்

வெளிநாட்டில் படிக்கவோ வேலைக்கோ போகிறவர்களின் ஆங்கிலத்தை அளக்கும் தேர்வு ஐஎல்ட்ஸ், நான்கு பகுதி, ஒவ்வொன்றுக்கும் 9 வரை புள்ளி. முதல் தடவை எழுதியபோது எனக்குக் கேட்டலில் 8, வாசிப்பில் 7.5, பேச்சில் 7 வந்தது. எழுத்தில் மட்டும் 6. நான் விண்ணப்பித்த முதுகலைப் படிப்புக்கு எந்தப் பகுதியிலும் 6.5-க்குக் கீழே போகக்கூடாது. அந்த அரைப் புள்ளிக்காக மறுபடி தேர்வுக் கட்டணம், மறுபடி மூன்று மாதம். இத்தனைக்கும் பள்ளிக்கூடத்திலிருந்தே ஆங்கிலத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியவள் நான். பயிற்சி மையத்தில் கொடுத்த ஜெராக்ஸ் கட்டில் இருந்த நானூறு ‘பவர் வேர்ட்ஸ்’ மனப்பாடம். ஆக்டிவ் வாய்ஸ், பாசிவ் வாய்ஸ் எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். விதியெல்லாம் தெரிந்த எனக்கு என் கை எந்த இடத்தில் தவறுகிறது என்று மட்டும் தெரியவில்லை. அதைக் கண்டுபிடிக்கவே ஒரு மாதம் போனது.

உங்களுக்கு அந்த ஒரு மாதம் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். உயர்கல்விக்குப் போகிறவர்கள் எழுதும் ஐஎல்ட்ஸ் அகடெமிக் தேர்வுக்கு முதன்முதலாகத் தயாராகிறவர்களை மனதில் வைத்திருக்கிறேன். வாசித்தால் புரிகிறது, எழுத உட்கார்ந்தால் தயக்கம் என்ற நிலையில் இருப்பவர்கள். ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம், மொத்தம் 12 வாரம் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம்.

தேர்வு எதற்கு மதிப்பெண் போடுகிறது

இந்தத் தேர்வில் இலக்கணத்துக்கென்று தனித்தாள் கிடையாது. கோடிட்ட இடத்தில் சரியான காலம் போடு, வாக்கியத்தைப் பாசிவ் ஆக்கு என்றெல்லாம் கேட்க மாட்டார்கள். எழுத்துத் தேர்வு 60 நிமிடம். முதல் பணியில் வரைபடத்தையோ அட்டவணையையோ பார்த்துக் குறைந்தது 150 சொற்கள் எழுத வேண்டும், இரண்டாவது பணியில் குறைந்தது 250 சொற்களில் ஒரு கட்டுரை. இரண்டாவதற்கு இரட்டிப்பு எடை. ஒவ்வொரு பணியையும் நான்கு அளவுகோல்களால் அளக்கிறார்கள், ஒவ்வொன்றுக்கும் 25 சதவீதம். அந்த நான்கில் இரண்டு, சொல்வளமும் இலக்கணமும். பேச்சுத் தேர்வு 11 முதல் 14 நிமிடம் நடக்கும், அங்கேயும் நான்கில் இரண்டு இவைதான். கேட்டல் தேர்விலும் ஒரு கண்ணி இருக்கிறது: விடை சரியாக இருந்து எழுத்துக்கூட்டல் தப்பானால் அந்த மதிப்பெண் போய்விடும்.

தேர்வை நடத்துகிறவர்கள் இந்த அளவுகோல்களை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறார்கள். இலக்கணப் பகுதியில் 6-க்கும் 7-க்கும் என்ன வித்தியாசம் என்று அதில் போய்ப் பாருங்கள். 6 வாங்குகிறவர் எளிய வாக்கியமும் சிக்கலான வாக்கியமும் கலந்து எழுதுகிறார், தப்பு வருகிறது, ஆனாலும் சொல்ல வந்தது பெரும்பாலும் புரிந்துவிடுகிறது. 7 வாங்குகிறவரிடம் தப்பே இல்லாத வாக்கியங்கள் அடிக்கடி வருகின்றன. 8 என்றால் பெரும்பாலான வாக்கியங்களே அப்படி. கவனித்தீர்களா, கணக்கு வாக்கியத்தில் நடக்கிறது. 270 சொல் கட்டுரையில் பதினைந்து வாக்கியம் இருக்கும். என் பழைய பயிற்சிக் கட்டுரையை எடுத்து எண்ணிப் பார்த்தேன். பழுதில்லாதவை ஐந்து.

தொடக்க நாள்: ஒரு கட்டுரை, ஒரு ஒலிப்பதிவு

எதையும் படிப்பதற்கு முன் இந்த இரண்டையும் செய்துவிடுங்கள். கடிகாரத்தை வைத்துக்கொண்டு 40 நிமிடத்தில் ஒரு கட்டுரை. அகராதி வேண்டாம். கணினியில் எழுதினால் எழுத்துப்பிழை காட்டும் வசதியை அணைத்துவிடுங்கள், தேர்வுக் கணினியில் அது இருக்காது. அப்புறம் போனில் இரண்டு நிமிடம் பேசிப் பதிவு செய்யுங்கள், பிடித்த ஆசிரியர், மறக்க முடியாத பயணம், ஏதோ ஒன்று. மறுநாள் அந்தப் பதிவைக் கேட்டு, பேசியதை அப்படியே, தடுமாறிய இடங்களோடு சேர்த்து எழுதுங்கள். கூச்சமாக இருக்கும். பரவாயில்லை, வேறு யாரும் கேட்கப் போவதில்லை.

திருத்துவது யார்? முதலில் நீங்களே, ஒரு நாள் இடைவெளி விட்டு. பிறகு ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த ஒருவர். அப்படி யாரும் இல்லையென்றால் செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றைப் பயன்படுத்தலாம், ஆனால் ஒரு நிபந்தனையோடு. “திருத்தித் தராதே, தப்பு எந்த வாக்கியத்தில் இருக்கிறது என்று மட்டும் காட்டு” என்று சொல்லிவிடுங்கள். முழுக் கட்டுரையையும் அதனிடம் கொடுத்துப் பளபளப்பாக்கி வாங்கினால் உங்களுக்கு மிஞ்சுவது வேறு யாரோ எழுதிய ஒரு நல்ல கட்டுரை. சரியான வாக்கியத்தையும் அது சிலசமயம் வேண்டாமல் மாற்றும், அதையும் மனதில் வையுங்கள்.

இப்போது ஒரு நோட்டு. பக்கத்தை மூன்றாகப் பிரித்து இடதுபக்கம் நீங்கள் எழுதியது, நடுவில் சரியானது, வலதுபக்கம் ஏன் என்று எழுதுங்கள். அந்த ‘ஏன்’ தமிழிலேயே இருக்கட்டும். இரண்டு வாரம் எழுதினாலே தெரிந்துவிடும், நூறு விதமான தப்பு யாரும் செய்வதில்லை. ஏழெட்டுத் தப்பைத்தான் மாற்றி மாற்றிச் செய்கிறோம். இனிமேல் அந்த ஏழெட்டுக்கு மட்டும் இலக்கணப் புத்தகத்தைத் திறங்கள்.

நம் தப்புகள் எங்கிருந்து வருகின்றன

பெரும்பாலும் தமிழிலிருந்து. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எந்த இடத்தில் தமிழ் நம்மை வழுக்கிவிடுகிறது என்று தெரிந்தால் அங்கே கால் ஊன்றி நடக்கலாம், அவ்வளவுதான்.

முதல் இடம் ‘எ’, ‘ஆன்’, ‘தி’. தமிழில் இவற்றுக்கு இணையே இல்லை. ‘ஒரு’ எல்லா இடத்திலும் ‘எ’ ஆகாது. அதனால் வேண்டிய இடத்தில் விட்டுவிடுகிறோம், அப்புறம் பயந்துபோய் வேண்டாத இடத்திலெல்லாம் ‘தி’ போடுகிறோம். பெயர்ச்சொல் ஒவ்வொன்றிடமும் மூன்று கேள்வி கேளுங்கள். இதை எண்ண முடியுமா? ஒன்றா, பலவா? நான் எதைச் சொல்கிறேன் என்று வாசிக்கிறவருக்கு ஏற்கெனவே தெரியுமா? தெரியும் என்றால் ‘தி’. தெரியாது, எண்ணக்கூடியது, ஒன்றே ஒன்று என்றால் ‘எ’ அல்லது ‘ஆன்’. எண்ணக்கூடிய ஒருமைப் பெயர் ஆங்கிலத்தில் சட்டை போடாமல் வெளியே வராது என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: எ, தி, மை, திஸ், ஏதாவது ஒன்று முன்னால் வேண்டும். பொதுவாக எல்லா ஆசிரியர்களையும் பற்றிச் சொன்னால் வெறும் ‘டீச்சர்ஸ்’ போதும், ‘தி டீச்சர்ஸ்’ என்றால் எந்த ஆசிரியர்கள் என்ற கேள்வி வந்துவிடும். ‘எ’யா ‘ஆன்’ஆ என்பதை எழுத்து தீர்மானிப்பதில்லை, காதில் விழும் ஒலி தீர்மானிக்கிறது. அதனால்தான் எ யுனிவர்சிட்டி, ஆன் அவர்.

இதற்கு நான் செய்த பயிற்சி மிக எளிது. ஆங்கில நாளிதழின் தலையங்கத்தில் ஒரு பத்தியை, இந்த மூன்று சொற்களையும் நீக்கிவிட்டு நோட்டில் எழுதுவேன். மறுநாள் நிரப்புவேன். மூலத்தோடு ஒப்பிடுவேன். மூன்று வாரத்தில் பாதித் தப்பு குறைந்தது. மீதிப் பாதி இன்னும் என்னோடுதான் இருக்கிறது.

இரண்டாவது, ‘கள்’. நாம் தகவல்கள், அறிவுரைகள், ஆதாரங்கள், ஆய்வுகள், கருவிகள் என்று தாராளமாகச் சொல்கிறோம். அந்தக் ‘கள்’ அப்படியே கடல் தாண்டிப் போய் இன்ஃபர்மேஷன்ஸ், அட்வைசஸ், எவிடென்சஸ், எக்விப்மென்ட்ஸ் ஆகிவிடுகிறது. ஆங்கிலத்தில் இவை தண்ணீர், மணல் போல எண்ண முடியாதவை. எண்ணியே ஆக வேண்டுமென்றால் ‘எ பீஸ் ஆஃப் அட்வைஸ்’. எது எண்ணக்கூடியது என்று ஊகிக்க வேண்டாம். மாணவர்களுக்கான ஆங்கில அகராதிகளில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் பக்கத்தில் சி என்றோ யு என்றோ ஒரு எழுத்து இருக்கும். சி என்றால் எண்ணலாம், யு என்றால் முடியாது.

மூன்றாவது, வேற்றுமை உருபு. வீட்டில், சுவரில், 1995இல், பஸ் ஸ்டாண்டில். நமக்கு எல்லாம் ஒரே ‘இல்’. அவர்களுக்கு அட் ஹோம், ஆன் தி வால், இன் 1995, அட் தி பஸ் ஸ்டாண்ட். ‘அதைப் பற்றி விவாதித்தோம்’ என்று மனதில் ஓடுவதால் ‘டிஸ்கஸ் அபௌட்’ என்று எழுதுகிறோம். டிஸ்கஸுக்குள்ளேயே அந்தப் ‘பற்றி’ இருக்கிறது, தனியாக வேண்டாம். ‘அவரோடு கல்யாணம்’ ஆனாலும் ஆங்கிலத்தில் ‘மேரிட் டு’. இவற்றுக்கு விதி தேடிப் பயனில்லை. வினைச்சொல்லோடு அதன் ஒட்டையும் (டு, ஆன், இன் போன்றவை) ஒரே சொல்லாக நினைத்து மனதில் ஏற்றிக்கொள்வதுதான் வழி.

இதே இடத்தில் தமிழ் நமக்குக் கைகொடுப்பதும் உண்டு. முதல் பணியில் வரைபடத்தை விவரிக்கும்போது ‘ரோஸ் டு’, ‘ரோஸ் பை’ இரண்டையும் குழப்பாத ஆளே கிடையாது. ‘40 சதவீதமாக உயர்ந்தது’ என்றால் டு. ‘40 சதவீதம் உயர்ந்தது’ என்றால் பை. ‘ஆக’ வந்தால் டு, அவ்வளவுதான். ஆனால் 20 சதவீதம் 30 சதவீதமானால் அதை ‘10 பர்சன்டேஜ் பாயின்ட்ஸ்’ உயர்ந்தது என்றுதான் எழுத வேண்டும். வெறுமனே ‘10 பர்சென்ட்’ உயர்ந்தது என்றால் கணக்கே தப்பு.

நான்காவது, காலம். ‘மூன்று வருடமாக இங்கே வேலை செய்கிறேன்’ என்கிறோம். தமிழில் நிகழ்காலம். அதை அப்படியே ‘ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்’ ஆக்கினால் ஒரே வாக்கியத்தில் இரண்டு தப்பு. ‘ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்’ என்பதுதான் சரி. எவ்வளவு காலம் என்றால் ஃபார், எப்போதிருந்து என்றால் சின்ஸ்: ஃபார் த்ரீ இயர்ஸ், சின்ஸ் 2021. ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’ பற்றி எல்லாரும் எச்சரித்திருப்பார்கள், ஆனாலும் பேச்சுத் தேர்வின் முதல் நிமிடத்திலேயே அது வாயில் வந்து உட்காரும். உங்கள் ஒலிப்பதிவில் தேடிப் பாருங்கள்.

ஐந்தாவது, ஒருமை பன்மை இசைவு. ‘பஸ்ஸெல்லாம் வந்துருச்சு’ என்றுதான் பேசுகிறோம். ‘வந்துவிட்டன’ என்பது எழுத்தில் மட்டும், அதிலும் ‘விலைகள் உயர்ந்தது’ என்று எழுதாதவர் குறைவு. அஃறிணைப் பன்மைக்கு ஒருமை வினை போட்டுப் பழகிய நாக்கு ‘பிரைசஸ் ஹேஸ்’ என்று சொல்வதில் ஆச்சரியமில்லை. வரைபடக் கேள்வியில் வருவதெல்லாம் விலைகள், எண்ணிக்கைகள், அளவுகள் என்பதால் இங்கே இழப்பு அதிகம். ‘தி நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ்’ என்றால் பின்னால் ‘ஹேஸ்’ வரும், ஏனென்றால் வினை எண்ணிக்கைக்குரியது, மாணவர்களுக்குரியது இல்லை. ‘எ நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ்’ என்றால் பல மாணவர்கள் என்று பொருள், அங்கே ‘ஹேவ்’.

கடைசியாகக் காற்புள்ளி. ‘மழை வந்தது, கரண்ட் போனது, படிப்பு நின்றது.’ தமிழில் நல்ல வாக்கியம். ஆங்கிலத்தில் தனித்தனியே நிற்கக்கூடிய வாக்கியங்களை வெறும் காற்புள்ளியால் ஒட்டக்கூடாது. முற்றுப்புள்ளி வையுங்கள், இல்லையென்றால் ஆண்ட், பட், சோ என்று இணைப்புச் சொல் போடுங்கள். என் பத்துப் பழுது வாக்கியங்களில் நான்கு இந்த ரகம். யாருமே இதை எனக்குச் சொன்னதில்லை.

நீள வாக்கியத்தை எப்படிக் கட்டுவது

எளிய வாக்கியமாகவே எழுதித் தப்பித்துவிடலாமே என்று தோன்றும். பலவகை வாக்கியங்கள் இல்லாமல் 7 கிடைக்காது. ஆனால் நீள வாக்கியம் நமக்குப் புதிதா என்ன? தமிழில் எச்சங்களை அடுக்கி முழ நீளத்துக்குப் பேசுகிறோம். அதையே பயன்படுத்துங்கள். ‘நேற்று வந்த பையன்’ என்பதில் விவரம் முன்னால், பையன் பின்னால். ஆங்கிலத்தில் பையன் முன்னால், விவரம் பின்னால்: ‘தி பாய் ஹூ கேம் யெஸ்டர்டே’. பெயரெச்சம் வரும் இடமெல்லாம் ஹூ, விச், தட். ‘ஆல்’ வந்தால் இஃப். ‘மழை பெய்தாலும் போவேன்’ என்றால் ஈவன் இஃப், ‘மழை பெய்தபோதிலும் போனேன்’ என்றால் ஆல்தோ. ஆல்தோ போட்டுவிட்டால் அடுத்த பாதியில் ‘பட்’ கூடாது. ‘பெய்தபோதிலும் ஆனால் போனேன்’ என்று நாமும் சொல்வதில்லையே.

‘அரசு வரியைக் குறைத்தால் விலை குறையும்’ என்ற வாக்கியத்தைப் பாருங்கள். ‘குறைத்தால்’ என்பதில் எதிர்காலமே இல்லை, எதிர்காலம் இரண்டாம் பாதியில்தான் வருகிறது. ஆங்கிலத்திலும் அதே கணக்கு: இஃப் பக்கம் ‘வில்’ வராது, அடுத்த பக்கம் வரும். ‘இஃப் தி கவர்ன்மென்ட் வில் ரெட்யூஸ்’ என்று கை எழுதப் போகும்போது தமிழ் வாக்கியத்தை ஒரு தடவை மனதில் சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பயிற்சிக்கு இரண்டு எளிய வாக்கியம் எடுத்துக்கொள்ளுங்கள். ‘இளைஞர்கள் நகரத்துக்குப் போகிறார்கள். கிராமத்தில் வேலை இல்லை.’ இதை ஆங்கிலத்தில் மூன்று விதமாகச் சேருங்கள்: பிகாஸ் போட்டு ஒன்று, விச் அல்லது வேர் போட்டு ஒன்று, ‘வேலை இருந்திருந்தால்’ என்ற கற்பனையாக ஒன்று. தினமும் இப்படி ஒரு ஜோடி போதும், பத்து நிமிடம்கூட ஆகாது.

சொற்களைத் தனியாகச் சேர்க்காதீர்கள்

நாம் இட்லி அவிக்கிறோம், தோசை சுடுகிறோம், குழம்பு வைக்கிறோம், சோறு வடிக்கிறோம், அப்பளம் பொரிக்கிறோம். ‘குழம்பு சுட்டேன்’ என்று யாராவது சொன்னால் சமையல் தெரியாதவர் என்று நினைக்க மாட்டோம், தமிழ் தெரியாதவர் என்று நினைப்போம். ‘டூ எ மிஸ்டேக்’ என்று நாம் எழுதும்போது தேர்வாளருக்கும் அதே உணர்வுதான். மிஸ்டேக்கை ‘மேக்’ பண்ண வேண்டும். கிரைமைக் ‘கமிட்’. ரிஸ்க்கை ‘டேக்’. அட்டென்ஷனைப் ‘பே’. த்ரெட் என்றால் ‘போஸ்’. சொல்வள அளவுகோலில் 7-க்கான விளக்கத்திலேயே இந்தச் சொற்சேர்க்கை பேசப்படுகிறது. என் நானூறு ‘பவர் வேர்ட்ஸ்’ ஏன் உதவவில்லை என்று அதைப் படித்த அன்றுதான் புரிந்தது. ‘ப்ளெத்தரா’ தெரியும், அதை யார் பக்கத்தில் உட்கார வைப்பது என்று தெரியாது.

எந்தச் சொற்களைப் படிப்பது? நியூசிலாந்தின் விக்டோரியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அவெரில் காக்ஸ்ஹெட், பல துறைகளின் கல்விசார் எழுத்துகளில் சுமார் 35 லட்சம் சொற்களை அலசி, 2000ஆம் ஆண்டில் அகடெமிக் வேர்ட் லிஸ்ட் என்ற பட்டியலை வெளியிட்டார். மொத்தம் 570 சொற்குடும்பங்கள், அடிக்கடி வருபவை முதலில் என்ற வரிசையில் 10 பிரிவுகள். இணையத்தில் இலவசம். முதல் பிரிவில் அனலைஸ், பெனிஃபிட், ஃபாக்டர், பாலிசி, சிக்னிஃபிகன்ட் போன்றவை இருக்கும். ‘இதெல்லாம் தெரிந்த சொல்தானே’ என்பீர்கள். பெனிஃபிட் என்பதை வினையாக வைத்து, சரியான ஒட்டோடு ஒரு வாக்கியம் எழுதுங்கள் பார்ப்போம். அங்கேதான் நமக்கு வேலை இருக்கிறது.

ஒரு நாளைக்கு ஐந்து சொல், வாரத்தில் ஐந்து நாள். கடைசி இரண்டு வாரம் புதுச்சொல் வேண்டாம். ஆக 250 சொல். குறைவாகத் தோன்றும், ஆனால் 250 சொற்களும் தம் கூட்டாளிகளோடும் குடும்பத்தோடும் வந்தால் கூட்டம் பெரிது. குடும்பம் என்றது இதைத்தான்: எகானமி, எகனாமிக், எகனாமிக்கல், எகானமிஸ்ட். இதில் எகனாமிக் என்றால் பொருளாதாரம் சார்ந்தது, எகனாமிக்கல் என்றால் சிக்கனமானது. ‘எகனாமிக்கல் குரோத்’ என்று எழுதினால் சிக்கனமான வளர்ச்சி ஆகிவிடும். சத்தமாகவும் சொல்லிப் பாருங்கள், குடும்பத்துக்குள்ளேயே அழுத்தம் இடம் மாறும்: எகானமியில் இரண்டாம் அசையில், எகனாமிக்கில் மூன்றாவதில்.

ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சிறு அட்டை. ஒரு பக்கம், சொல் இருக்க வேண்டிய இடத்தில் கோடு போட்ட ஆங்கில வாக்கியம், கீழே தமிழில் பொருள். மறுபக்கம் விடையும் அதன் கூட்டாளிகளும். வெறும் ‘சொல் ஒருபக்கம், பொருள் மறுபக்கம்’ அட்டை வாசிக்க உதவும், எழுத உதவாது. படித்தது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்பதை ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் தன்னையே சோதித்துப் பார்த்து 1885இல் எழுதினார். மறக்கப் போகும் நேரம் பார்த்துத் திரும்பப் பார்ப்பதுதான் அதற்கு மருந்து. 1972இல் ஜெர்மானியப் பத்திரிகையாளர் செபாஸ்டியன் லைட்னர் ஒரு பெட்டி முறையைச் சொன்னார். செருப்புப் பெட்டியில் ஐந்து அறை தடுத்துக்கொள்ளுங்கள். புது அட்டை முதல் அறையில், தினமும் பார்க்க வேண்டும். சரியாகச் சொன்னால் அடுத்த அறைக்குப் போகும், அங்கே பார்வை இடைவெளி கூடும். தப்பாகச் சொன்னால் எந்த அறையில் இருந்தாலும் மறுபடி முதல் அறை. இதையே ‘ஆன்கி’ போன்ற அட்டைச் செயலிகள் போனில் செய்கின்றன. எனக்குப் பெட்டிதான் பிடித்தது, போனை எடுத்தால் நான் வேறு எங்கோ போய்விடுவேன்.

நம் ஊர் ஆங்கிலம் பற்றி ஒரு வார்த்தை. ‘மை நேட்டிவ் இஸ் மதுரை’, ‘பாஸ்டு அவுட் இன் 2020’, ‘ஐ ஹேவ் எ டௌட்’, ‘கசின் பிரதர்’. நமக்குள் இவை நன்றாகவே ஓடும். அங்கே ஐ ஆம் ஃப்ரம் மதுரை, கிராஜுவேட்டட், கொஷ்சன், வெறும் கசின். டௌட் என்றால் சந்தேகம்தான், ஆனால் ஆங்கிலத்தில் அது நம்பாமல் பார்க்கும் சந்தேகம். அப்புறம், ‘இன் திஸ் மாடர்ன் எரா’ என்று தொடங்கும் மனப்பாட முன்னுரை எதுவும் வேண்டாம். மனப்பாடம் தேர்வாளருக்கு முதல் வரியிலேயே தெரியும், அடுத்த பத்தியில் உங்கள் சொந்த ஆங்கிலம் வரும்போது சாயம் வெளுத்துவிடும்.

கேட்டு எழுதுவதும் திரும்பக் கட்டுவதும்

கேட்டு எழுதுவதை நாம் மூன்றாம் வகுப்போடு விட்டுவிட்டோம். மறுபடி எடுங்கள். பிபிசியின் ஆறு நிமிட ஆங்கில நிகழ்ச்சி போல எழுத்து வடிவமும் சேர்ந்து கிடைக்கும் ஒலிப்பதிவில் ஒரு நிமிடம் மட்டும் எடுத்து, நிறுத்தி நிறுத்தி எழுதி, மூலத்தோடு ஒப்பிடுங்கள். சொல்லின் கடைசியில் வரும் எஸ், ஈடி, நடுவில் வரும் ‘எ’, ‘தி’ எல்லாம் காதில் விழாமல் போயிருக்கும். காதில் விழாததைக் கை எப்படி எழுதும்? எழுத்துக்கூட்டலும் இதில் பிடிபடும். அக்காமடேஷனில் சி இரண்டு, எம் இரண்டு. கவர்ன்மென்ட்டில் எம்முக்கு முன்னால் ஒரு என்.

இன்னொன்று அமெரிக்க அரசியல் தலைவரும் எழுத்தாளருமான பெஞ்சமின் ஃபிராங்க்ளின் சிறுவயதில் செய்தது. லண்டன் பத்திரிகை ஒன்றின் கட்டுரைகளை வாசித்து, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சிறு குறிப்பு எடுத்து, சில நாள் கழித்துக் குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு தன் சொற்களில் எழுதி, மூலத்தோடு ஒப்பிட்டுத் தன் தப்புகளைக் கண்டுபிடித்தாராம். ஒரு பத்தி அளவில் நாமும் செய்யலாம். எனக்கு வேறெதையும்விட இதுதான் அதிகம் உதவியது, வேறெதையும்விட இதுதான் அலுப்பாகவும் இருந்தது.

வாரம் எப்படி ஓடும் என்றால்: திங்கள் முதல் வெள்ளி வரை அரை மணி நேரம் தப்பு நோட்டு, அரை மணி நேரம் அட்டைகள், மீதி நேரத்தில் ஒரு நாள் கேட்டு எழுதுதல், மறுநாள் திரும்பக் கட்டுதல். சனிக்கிழமை நேரம் வைத்து ஒரு முழு எழுத்துத் தேர்வு. ஞாயிறு அதைத் திருத்தி, பழுதில்லாத வாக்கியங்களை எண்ணி, நோட்டின் கடைசிப் பக்கத்தில் அந்த எண்ணை எழுதுங்கள். எனக்கு 5, 5, 6, 4, 7 என்றுதான் போனது. நான்காம் வாரம் 4 வந்தபோது நோட்டைத் தூக்கி எறிந்தேன், அம்மா எடுத்து வைத்திருந்தாள்.

தேர்வு நெருங்கும்போது

கடைசி இரண்டு வாரத்தில் உங்கள் நோட்டில் அதிகம் வந்த மூன்று தப்பை மட்டும் ஒரு துண்டுச்சீட்டில் எழுதி மேஜையில் ஒட்டுங்கள். சீட்டு தேர்வறைக்கு வராது, தலையில் வரும். கட்டுரைக்கான 40 நிமிடத்தில் ஐந்து யோசிக்க, முப்பது எழுத, ஐந்து சரிபார்க்க. சரிபார்க்கும்போது மேலிருந்து வாசித்தால் நம் கருத்து நம்மையே இழுத்துக்கொண்டு போய்விடும், தப்பு கண்ணில் படாது. கடைசி வாக்கியத்திலிருந்து மேலே வாருங்கள். ஒரு சுற்று வினைச்சொற்களுக்கு மட்டும், இன்னொரு சுற்று பெயர்ச்சொற்களுக்கு மட்டும்.

பேச்சுத் தேர்வின் இரண்டாம் பகுதியில் தலைப்பு கொடுத்து, யோசிக்க ஒரு நிமிடமும் குறிப்பெடுக்கத் தாளும் தருவார்கள். தாளின் மூலையில் முதலில் காலத்தைக் குறியுங்கள்: நடந்து முடிந்த கதையா, வழக்கமாக நடப்பதா? பாதியில் காலம் தடம்புரளாமல் இருக்க அது போதும். பேசும்போது தப்பு வந்தது தெரிந்தால் ஒரு தடவை திருத்திவிட்டு நகருங்கள். ஒவ்வொன்றையும் திருத்திக்கொண்டே போனால் சரளம் போய்விடும், அதற்கும் தனி மதிப்பெண் இருக்கிறது.

முடிவு வந்து ஒரு பகுதி மட்டும் காலை வாரியிருந்தால் முழுத் தேர்வையும் மறுபடி எழுத வேண்டும் என்றில்லை. கணினித் தேர்வு எழுதியவர்கள் ஒரே ஒரு பகுதியை 60 நாளுக்குள் திரும்ப எழுதும் வசதி பல நாடுகளில் வந்துவிட்டது. நீங்கள் விண்ணப்பிக்கும் பல்கலைக்கழகம் அதை ஏற்குமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், எல்லாரும் ஏற்பதில்லை. நான் எழுதிய காலத்தில் அது கிடையாது, நான்கையும் மறுபடி எழுதினேன். எழுத்தில் 7 வந்தது. இரண்டு இடத்தில் ‘தி’யை விட்டுவிட்டேன் என்பது தேர்வு முடிந்து பஸ்ஸில் வரும்போது நினைவுக்கு வந்தது.